குழி என்னுடையது

என் அண்ணனைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிடும். இதை மறைத்துப் பயனில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அண்ணன் ஒருவரைத் தவிர.

குழாய்க்கும் கதவுக் கைப்பிடிக்கும் குரோமியம் முலாம் பூசும் ஆலை எங்களுடையது. எங்களுடையது என்பது நான் சொல்வது. ஊர் சொல்வது ‘பெரியவர் ஆலை’. முலாம் பளபளவென்று ஏறினால் பெரியவர் கைராசி. கொப்புளித்துக்கொண்டு உரிந்தால், “சின்னவரா நின்னாரு?” அமிலப் புகையில் நின்று இருமியவன் நான். பேரை வாங்கிக்கொண்டவர் அவர்.

ஆலை மூடியாகிவிட்டது. பின்தெருக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக ஊறியதுதான் காரணம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுருக்கமாகச் சொல்லிவிட்டது: வளாகத்துக்குள் எங்கோ ஆலைக் கசடைப் புதைத்திருக்கிறீர்கள், அதைத் தோண்டி எடுத்து மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆலைக் கணக்கில் காலணா மிச்சமில்லை, ஆகவே புதைக்க முடிவெடுத்தவர் யாரோ அவருடைய சொந்தச் சொத்திலிருந்து வசூல். என்னுடைய சொந்தச் சொத்து என்றால், குடியிருக்கும் வீடு ஒன்றுதான்.

தோண்டும் நாளன்று மனைவி காலையிலேயே பாடம் நடத்தினாள். அண்ணனை அவள் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். “மாமா எல்லாத்துக்கும் தானே பொறுப்புன்னு சொல்லிட்டாரு. நீங்க வாயத் தெறக்காம நின்னுட்டு வாங்க. வீடு தப்பிச்சுடும்.” சொன்னதோடு விடாமல், என்னை நம்பாமல் கூடவே கிளம்பியும் வந்தாள்.

ஆலை வாசலில் தோண்டும் இயந்திரம் நின்றது. வாரியத்து அதிகாரி ஒரு பெண். பின்தெருக்காரர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். அண்ணன் சலவைச் சட்டையில் நடுவில் நின்று சொன்னார்: “எல்லாம் என் முடிவுதான் மேடம். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது.”

தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து இதே பல்லவி.

“மனுஷன்னா இவருதான்யா. வேற ஒருத்தரா இருந்தா ஓடி ஒளிஞ்சிருப்பாரு” என்றாள் ஓர் அம்மா. கிணறு கெட்டுப்போய் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்குகிறவள் அவள். கிணற்றைக் கெடுத்தேன் என்று ஒருவர் சொல்ல, அவருக்கே நற்சான்று கொடுக்கிறாள்! நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் பம்பு அறைக்குப் பக்கத்தில் கைகாட்டினார். தோண்டினார்கள். வெறும் மண். மதிலோரம் காட்டினார். அங்கே நெளிந்து வந்தது ஒரு மண்புழு. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம், வயசாச்சுல்ல, எடம் மறந்திருக்கும்” என்றார்கள்.

மறந்திருக்குமாம்! தெரிந்தால்தானே மறப்பதற்கு. கசடுத் தொட்டி விளிம்புவரை நிரம்பிய அந்த வாரம் அவர் ஆர்டர் பிடிக்க வெளியூர் போயிருந்தார். அதை முறையாக அப்புறப்படுத்துகிறவர்கள் கேட்ட கூலி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பாய்லர் அறைக்குப் பின்னால் குழி வெட்டி, கசடை இறக்கி, மேலே சிமெண்டுத் தளம் போட்டு, அதன்மேல் சைக்கிள் கொட்டகையும் கட்டிவிட்டேன். திரும்பி வந்த அண்ணன் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, “சமாளிச்சுட்டியா? கெட்டிக்காரன்டா” என்றார். எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. என்னைக் கெட்டிக்காரன் என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

கெட்ட யோசனைதான். ஒரு தெருவின் தண்ணீரையே நாசமாக்கிய யோசனை. ஆனால் அந்த ஆலையில் முதலிலிருந்து கடைசிவரை என் மண்டையில் உதித்தது அது ஒன்றுதான். இன்று அதையும் இவர் தன் பேரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்.

அண்ணன் மூன்றாவதாக ஓர் இடத்தைக் காட்டக் கையைத் தூக்கினார்.

“அங்க இல்ல!” என்று கத்தினேன். மனைவி என் கையைக் கிள்ளினாள். உதறிவிட்டேன். “அவருக்கு என்ன தெரியும்? அவரு ஊர்லயே இல்ல. கொட்டகையப் பேத்துப் பாருங்க.”

தளம் உடைந்ததும், பச்சையும் மஞ்சளுமாகக் கசடு பொத்தென்று சரிந்தது. நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்ன இடத்தில் இருந்ததே!

“இத யாரு செஞ்சது?” என்றார் அதிகாரி.

“நான்தான். யோசனையும் என்னுது, வேலையும் என்னுது.”

இப்போதாவது என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பார்த்தார்கள், புழுவைப் பார்ப்பதுபோல. பிறகு எல்லாத் தலையும் அண்ணன் பக்கம் திரும்பியது.

“தம்பி செஞ்ச தப்பத் தன் தலைமேல போட்டுக்கிட்டாரே! இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைப்பான்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்தக் குடத்துக்காரம்மா. யாரோ ஓடிப்போய் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அவர் உட்காரவில்லை. என்னிடம் வந்து தோளில் கை வைத்தார். “போனது போகட்டும்டா. உன் வீடு போயிடக் கூடாது. செலவுல பாதி நான் தர்றேன்.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டத்துக்கு எட்டிவிட்டது, உச்சுக் கொட்டினார்கள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு காசு வேணாம்! முழுசும் நான்தான் கட்டுவேன். அது என் குழி!”

“அப்படியே எழுதிக்கலாமா சார்?” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“எழுதிக்கங்க.”

கையெழுத்தும் போட்டேன். அதன்பிறகுதான் மனைவியின் நினைவு வந்து திரும்பினேன். பக்கத்தில் இல்லை. என்னைத் தாண்டி நடந்து அண்ணனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள்.

“மாமா, இனி நாங்க எங்க போறது?” என்று அவரிடம்தான் கேட்டாள்.