ஒட்டுத் தழும்பு

"கட்!" என்று டைரக்டர் கத்தியதும் வில்லன் வேடத்தில் நின்ற தவளை மாமா மேசைமேல் ஓங்கிய கையை இறக்கினார்.

"பயப்படணும் பாப்பா! உன்னைப் பூட்டி வைக்க வந்தவன் எதிர்ல நிக்கிறான். நீ என்னடான்னா கடையில சட்டை பாக்கற மாதிரி பாக்கறியே?"

"மாமாவோட ஒட்டுத் தழும்பு ஓரம் தூக்கிக்கிச்சு சார்," என்றாள் சிறுமி. "பசை காயறதுக்குள்ள மாமா சிரிச்சிருப்பார்."

செட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

படமாகிக்கொண்டிருந்தது ஊரெல்லாம் படித்த நாவல். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை அன்பாகப் பேசி அழைத்துப்போய் அடைத்து வைக்கும் விடுதிக்காரனின் கதை. அவன் கன்னத்துத் தழும்பை நினைத்துப் போர்வைக்குள் ஒளிந்த பிள்ளைகள்தான் இன்று வளர்ந்து டிக்கெட் வாங்கப் போகிறவர்கள். அந்த விடுதிக்காரனாக நடிக்கத்தான் தவளை மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். எப்போதோ ஒரு நாடகத்தில் தவளைக் குரலில் பேசிச் சிரிக்க வைத்ததோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால்தான் மனைவிக்கே அவருடைய சொந்தப் பெயர் ஞாபகம் வரும். சிரிக்க வைக்காதீர்கள் என்று ஒருவர் அவரிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த வேடத்தை விட்டால் மறுபடியும் தவளைதான்.

டைரக்டர் ஆரம்பத்திலேயே சட்டம் போட்டிருந்தார். "அண்ணே, பிள்ளைங்களோட நீங்க பழகவே கூடாது. சாப்பாடு தனி, வாசல் தனி. கேமரா முன்னாடிதான் உங்களை அவங்க பாக்கணும்."

அதைக் கெடுத்தது ஒரு தலை. முதல் நாளே மேக்கப் அறைக் கதவிடுக்கில் அந்தச் சிறுமியின் தலை நீண்டது.

"உள்ள வரலாமா?"

"வரக்கூடாதுன்னு சட்டம்மா."

"ஏன்?"

"நீ என்னைப் பாத்துப் பயப்படணுமாம்."

"ஏன்?"

அவர் நாற்காலியைக் காட்டிவிட்டார். தழும்பு எதில் செய்கிறார்கள், பசை ஏன் கொஞ்சம் காய்ந்த பிறகு ஒட்டுகிறார்கள், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மறுநாள் அவளே ஒட்டிவிட்டாள். அவரும் தண்ணி குடிச்சியா, சாப்பிட்டியா என்று அவளை விசாரிக்கத் தொடங்கினார். அப்போதே மேக்கப் அக்கா சொன்னாள், "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறீங்க, அண்ணே."

இன்று சூனியம் பலித்துவிட்டது. அவர் கர்ஜித்தார், கண்ணை உருட்டினார், மேசையில் ஓங்கி அடித்தார். சிறுமி இரக்கத்தோடு கேட்டாள்: "தொண்டை வலிக்கலையா மாமா?"

டைரக்டர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு டேக். வரலேன்னா மன்னிச்சுக்கோங்க, நாளைக்கு வேற ஆள்."

தவளை மாமா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து யோசித்தார். இவளை எது பயமுறுத்தும்? பேய் வந்தாலும் எந்தத் துணியில தைச்சீங்க என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் 'ஏன்' என்று கேட்கிறாளே. எதை மட்டும் இன்னும் கேட்கவில்லை?

மெல்ல உறைத்தது. மாமா ஏன் என்னிடம் அன்பாக இருக்கிறார் என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை.

கேமராக்காரரிடம் போனார். "தம்பி, இந்த ஷாட்டுல என் மூஞ்சி தெரியுதா?"

"உங்க தோளும் காதும்தான்ணே. மூஞ்சி பாப்பாவோடது."

"அப்ப சரி." தழும்பை உரித்து மேக்கப் அக்காவின் கையில் வைத்தார்.

"ஐயையோ, கதையே இதுலதானே இருக்கு!"

"இருந்துட்டுப் போகுது."

கேமரா ஓடியது. அவர் கத்தவில்லை. சிறுமிக்கு எதிரே உட்கார்ந்து, தினமும் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "தண்ணி குடிச்சியாம்மா?"

பழக்கத்தில் தலையாட்டினாள்.

"நல்லது. கதவைத் தேடாதே கண்ணு. உனக்காகத்தான் பூட்டியிருக்கேன்."

அவள் கண்கள் அவர் கன்னத்தில் பசை ஓரத்தைத் தேடின. அங்கே ஒன்றும் இல்லை. தெரிந்த முகம் மட்டும்தான் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பின்னால் நகர்ந்தாள். 'ஏன்' என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கட்! ஓகே! அண்ணே, நீங்கதான் ஆளு!" என்று டைரக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கைதட்டல் ஓயவில்லை. தவளை மாமா அவர் தோளுக்கு மேலாகச் சிறுமியைத் தேடினார். அவள் அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் நின்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் சட்டப்படி தனியாகத்தான் உட்கார்ந்தார். வேடம் நிலைத்துவிட்டது, சோற்றைத்தான் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மாமா."

எட்டத்திலேயே நின்றாள்.

"என்னம்மா?"

"இப்பப் பேசறது எந்தக் குரல்?"

"என் குரல்தான்."

"அப்பவும் இதேதானே?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார். என்ன சொன்னாலும் அந்தக் குரலில்தானே வெளியே வரும்?

சிறுமி அவர் கன்னத்தை ஆராய்ந்தாள். பிறகு கிட்டே வந்து மூடியிருந்த கையைத் திறந்தாள். தழும்பு. இன்னொரு கையில் பசைக் குப்பி.

"குனியுங்க."

குனிந்தார். பசை தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, தழும்பை ஒட்டி விரலால் அழுத்தினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"இது இருந்தா நடிக்கிறீங்கன்னு தெரியும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காயற வரைக்கும் சிரிக்காதீங்க."

தவளை மாமா சிரிக்கவில்லை. அந்தக் கன்னம் அசையாமல், மறுபக்கமாகவே மென்று சாப்பிட்டார்.