நெல்லியடிப் பிள்ளை

மேனகா நெல்லியடியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே அவளுக்கு ஒரு வீடு இருந்தது. பனையோலை வேலி, துலாக்கிணறு, கிணற்றடியில் ஒரு தேசிமரம். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறைக்குள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போகிற ஒவ்வொரு காலையும் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பஸ்ஸால் இறங்குவாள். எல்லாம் மனதுக்குள்தான். ஆசைப்படுவதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவளே பத்மாவதிதான். வெள்ளவத்தையில் விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். ஆறு வருடத்துக்கு முன் மேனகா வேலை கேட்டுப் போன அன்று, “எந்த இடம் பிள்ளை?” என்று கேட்டாள். மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டம் என்றதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“உதை இங்க ஒருத்தரிட்டையும் கதைச்சுப் போடாதை. யாழ்ப்பாணக் கைச்சமையல் எண்டுதான் சனம் என்னட்டை வருகுது. ஆரும் கேட்டால் நெல்லியடி எண்டு சொல்லு. என்ர பெரியம்மாவின்ர ஊர்.”

வேறொருத்தி என்றால் ரோசப்பட்டிருப்பாள். மேனகாவுக்கோ வாயெல்லாம் பல். வெள்ளவத்தைச் சந்தையில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் மீன்காரனோடு பேரம் பேசுவதை அவள் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தவர்கள் மாதிரி என்ன நிமிர்வு! தோட்டத்தில் துரைக்கும் கங்காணிக்கும் குனிந்து குனிந்தே முதுகு போன தாயைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த நிமிர்வின் மேல்தான் கண். அப்படிப் பிறந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! கேட்காமலே கிடைத்தது. ஒரு வருடத்தில் பேச்சைப் பிடித்தாள். மிளகாய்த்தூளுக்கு மல்லியும் சீரகமும் வறுக்கிற பதத்தைப் பத்மாவதியைவிட நன்றாகவே பிடித்தாள். பிறகு வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் “நெல்லியடிப் பிள்ளைதானே சமைக்குது?” என்று கேட்டுவிட்டுத்தான் ஓடர் கொடுத்தார்கள்.

எல்லாம் யோகேஸ்வரி வீட்டுத் திவசம் வரைக்கும்தான்.

யோகேஸ்வரி பத்மாவதியின் பெரிய வாடிக்கை. மாமனாரின் திவசத்துக்கு வீட்டிலேயே வந்து சமைக்கச் சொல்லியிருந்தாள். ஐயர் வந்துவிட்டார், தாளிப்பதற்குக் கறிவேப்பிலை இல்லை. மேனகா பின்வளவுக்கு ஓடினாள். இடுப்புயரத்துக்குப் பரந்து நின்ற கறிவேப்பிலைச் செடியில் இரண்டு கையாலும் பறித்தாள். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்தாள். திரும்பவும் பறித்தாள், எறிந்தாள். பதினைந்து வயதிலிருந்து நாலு வருடம் கொழுந்து பறித்த கை. முதுகில் கூடை இல்லை என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

வாசற்படியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நமசிவாயம் கடகடவென்று சிரித்தார். யோகேஸ்வரியின் கணவருக்குத் தமையன். முப்பது வருடம் அட்டன் பக்கம் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர்.

“அட, இது கொழுந்து பறிச்ச கையெல்லே! எந்தத் தோட்டம் பிள்ளை?”

மனுசன் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் யோகேஸ்வரியின் முகம் கறுத்துவிட்டது. “தோட்டக்காட்டாள் சமைச்சதையோ மாமாவுக்குப் படைக்கப் போறம்?” என்று பத்மாவதியிடம் திரும்பினாள்.

அந்த நேரம் பத்மாவதி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ‘நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னனான்’ என்ற ஒரேயொரு சொல். சொன்னாளா? நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா, என்னையுமெல்லே ஏமாத்திப் போட்டாள்! பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறன்!”

சொன்னதோடு விட்டாளா? கத்தரிக்காய்க் குழம்பைச் சட்டியோடு தூக்கி, எல்லோரும் பார்க்கச் சாக்கடைக் கானுக்குள் கொட்டினாள். மேனகாவைப் பின்பக்கத்தால் போகச் சொன்னாள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். மேனகா தன் கோபத்தை ஒரு நாளும் ஆறவிடவில்லை. கொட்டாஞ்சேனையில் பக்கத்து அறை பேர்ணடெற்றோடு சேர்ந்து இடியப்பம் அவித்து விற்றாள். அவிக்கிற நேரமெல்லாம் நினைப்பு ஒன்றுதான். அந்தச் சொல்லை அந்த வாயாலேயே, அந்தச் சனத்துக்கு முன்னாலேயே சொல்ல வைக்க வேண்டும். “மன்னிச்சிரு மேனகா, மாதா பாத்துக்குவா” என்றாள் பேர்ணடெற். “மாதாவுக்கு ஆயிரம் வேலை அக்கா. இத நானே பாத்துக்கிறேன்” என்றாள் இவள்.

நாலாம் மாதம் பத்மாவதியே படியேறி வந்தாள். சாப்பாட்டில் பழைய ருசி இல்லை என்று ஆட்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்களாம். யோகேஸ்வரியின் மகனுக்குக் கல்யாணம். தாலிக்கான பொன்னுருக்கலுக்கு ரொறன்ரோவிலிருந்தெல்லாம் சனம் வருகிறதாம்.

“பழசை மற பிள்ளை. நெல்லியடியில இருந்து புது ஆளொண்டைக் கூப்பிட்டிருக்கிறன் எண்டு யோகேஸ்வரிக்குச் சொல்லிப் போட்டன். நீ குசினியை விட்டு வெளியில தலை காட்டாமல் இருந்தாச் சரி.”

பார்த்தீர்களா நெஞ்சழுத்தத்தை! மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. பழைய பொய்யையே தூசி தட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மேனகாவுக்கு உள்ளே கொதித்தது. வெளியே வெண்ணெய் உருகுவதுபோல் சிரித்தாள்.

“ஓம் அக்கா. வாறன்.”

அன்றைக்கே மஸ்கெலியாவில் இருக்கும் தம்பி தர்ஷனுக்குப் போன் எடுத்தாள். அம்மாவின் பழைய கொழுந்துக்கூடை அட்டன் பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

பொன்னுருக்கல் அன்று அந்தக் கூடைக்குள் முருங்கைக்காயும் வாழைக்காயும் போட்டு, மேலே துணி கட்டி யோகேஸ்வரி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பத்மாவதிக்கு இருந்த பதற்றத்தில் கூடை எதுவென்று பார்க்க நேரமில்லை. முன் மண்டபத்தில் ஆசாரி பொன்னை உருக்கி எடுத்து, நிறைகுடத்தடியில் விழுந்து கும்பிட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பின்வளவுப் பந்தலில் பந்தி போட்டார்கள். மேனகா அதே கத்தரிக்காய்க் குழம்பைத்தான் வைத்திருந்தாள். தன் வாழ்க்கையில் அதைவிட நன்றாக அவள் சமைத்ததில்லை. வஞ்சத்துக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது.

குழம்பு மூன்று தரம் போனது. யோகேஸ்வரியே இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். ரொறன்ரோக்காரர் ஒருவர் விரலைச் சூப்பிக்கொண்டு, “இது அச்சொட்டா என்ர அம்மான்ர கை. ஆர் சமைச்சது? கூப்பிடுங்கோ பாப்பம்” என்றார்.

“நெல்லியடிப் பிள்ளை. சரியான வெக்கம், வெளியில வராது” என்று பத்மாவதி இளித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேனகா வந்துவிட்டாள். கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே, கூடை முதுகில். பந்திக்கு நடுவால் நடந்து கறிவேப்பிலைச் செடியடியில் போய் நின்றாள். இரண்டு கையாலும் பறித்துத் தோளுக்கு மேலால் எறிந்தாள். இந்தத் தடவை ஒரு இலைகூட நிலத்தில் விழவில்லை.

யோகேஸ்வரியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“மஸ்கெலியாங்க. மேப்பிரிவு, அஞ்சாம் நம்பர் லயம்” என்றாள் மேனகா, தாயின் தமிழில், கடைசிப் பந்திக்கும் கேட்கிற மாதிரி. “அன்னைக்கு என் குழம்பைக் கான்ல கொட்டினீங்க. இன்னைக்கு மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க. இப்பக் கொட்டுங்க பாப்போம். வயித்துல இருக்கிறதையும் கொட்டுங்க!”

யார் கொட்டுவது? எப்படிக் கொட்டுவது? ரொறன்ரோக்காரர் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மேனகா பத்மாவதிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சொல்லுங்கக்கா. நெல்லியடினு எனக்குப் பேர் வச்சது யாரு?”

பத்மாவதி யோகேஸ்வரியைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். “உது... பிறகு கதைப்பம்...”

“சொல்லன் பத்மாவதி” என்றார் நமசிவாயம், குழம்புச் சோற்றை உருட்டியபடியே. “பிள்ளை கேக்குதெல்லே.”

“நான்தான்” என்றாள் பத்மாவதி.

“கேக்கலீங்க.”

“நான்தான் சொல்லச் சொன்னனான்! போதுமே?”

போதும். நாலு மாதமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கிவிட்டது. பத்மாவதியின் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்து மேனகாவுக்கு இரக்கம் வரவில்லை, நன்றாகத்தான் இருந்தது. கூடையை இறக்காமலே, பந்தியைச் சுற்றிக்கொண்டு, நிறைகுடம் வைத்திருந்த முன்வாசலால் இறங்கினாள்.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வழக்கம்போல் நெல்லியடி வீடு வந்து நின்றது. இடித்துவிடலாமா என்று யோசித்தாள். ஏன் இடிக்க வேண்டும்? கட்டிக் கொடுத்தது யாராக இருந்தால் என்ன, ஆறு வருடம் கூட்டிப் பெருக்கினவள் இவளல்லவா! அம்மாவைக் கூட்டிவந்து தேசிமரத்து நிழலில் கதிரை போட்டு, முதுகு நிமிர உட்கார வைத்தாள். ஒரு கோப்பை தேத்தண்ணியும் கொடுத்தாள்.

வெளியே வேலிப் படலையை யாரோ தட்டினார்கள். பத்மாவதியின் குரல்தான். மேனகா கேட்டுக்கொண்டே இருந்தாள். திறக்கவில்லை.