ஒன்பதாவது ஆணி

டக்கென்று சத்தம் வந்தது. நோரீன் சுத்தியலை வைத்துவிட்டு, கத்திப் பிடிக்கான எலும்புப் பட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள். பித்தளை ஆணி இறங்கிய துளையிலிருந்து ஓரம் வரைக்கும் மயிரிழை போல ஒரு கீறல். மறுபடியும் பிளந்துவிட்டது.

முற்றத்துக்கு மேலே மாடி ஜன்னலில் நர்ஸ் ஷாஸியாவின் தலை தெரிந்தது.

"உடைஞ்சிடுச்சான்னு கேக்கறாருங்க!"

"அவன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா உடையாதுன்னு சொல்லு!"

உள்ளே டெரிக் இருமிச் சிரிப்பது பட்டறை வரைக்கும் கேட்டது.

அக்காவும் தம்பியுமாக ஷெஃபீல்டின் அந்த ஈரமான முற்றத்தில் அவர்கள் முப்பது வருஷமாகப் பழங்காலத்துக் குறுவாளும் கத்தியும் செய்து வந்தார்கள். அலகு அடிப்பது டெரிக். பிடியும் தோல் உறையும் நோரீன். சனி ஞாயிறானால் கூடாரம் போட்டு, கவசம் மாட்டி, பழைய போர்களை மறுபடி நடத்திப் பார்க்கும் கூட்டம்தான் அவர்களுடைய வாடிக்கை. அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாட்டுக் கத்தியும் இறைச்சியைக் குத்தியெடுக்கும் குத்தூசியும் ஒரே உறைக்குள் ஜோடியாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு ஜோடி ஆற்றுச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் கிடந்தது. அறுநூறு வருஷத்துப் பொருள். எலும்புப் பிடி முழுக்க, நடுவில் ஓட்டையுள்ள சின்னச் சின்னப் பித்தளை வளையங்கள். குழாய் மாதிரி ஆணியைத் துளைக்குள் விட்டு, இரண்டு பக்கமும் வாயை விரித்திருக்கிறான் அந்தக் காலத்து மனுஷன். ஒரு கீறல்கூட இல்லை. இவர்கள் விரித்தால் மட்டும் எலும்பு பிளந்தது. குளிர்காலம் முழுக்கப் பிளந்தது. அதற்குள் டெரிக்கின் ஈரலும் கைவிட்டுவிட்டது. மருத்துவமனைக்காரர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

காலையில் சமையலறையில் ஷாஸியா, "இன்னைக்கு வெளிய எங்கயும் போயிடாதீங்க" என்றாள். நோரீன் மேலே போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான் அவன் பொறுத்தான்.

"என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காராதக்கா. எனக்கே பயமா இருக்கு. போய் எதையாவது அடி. சத்தமாவது கேக்கட்டும்."

அதனால்தான் அவள் பட்டறைக்கு வந்தாள்.

இன்னொரு பட்டையை எடுக்கப் போனபோது ஷாஸியா மறுபடி எட்டிப் பார்த்தாள். இந்த முறை குரல் பதறியது.

"உடனே மேல வரச் சொல்றாரு!"

நோரீன் முழங்கால் வலியை மறந்து இரண்டு இரண்டு படியாக ஏறினாள். டெரிக் தலையணையில் சாய்ந்து, ஒரு கையில் பூதக்கண்ணாடியும் மடியில் அந்த அருங்காட்சியகப் புகைப்படமுமாக இருந்தான். மஞ்சளோடிய கண்கள் மினுமினுத்தன.

"இங்க பாரு. ஒவ்வொரு வளையத்துலயும் ஒரு சின்ன வெட்டு."

"அது தேய்மானம்டா. எத்தனை தடவை பாத்தாச்சு."

"தேய்மானம்னா ஆளுக்கொரு பக்கம்ல இருக்கணும்? எல்லாம் வாலைப் பாத்தே இருக்கே, வரிசையா!"

நோரீன் கண்ணாடியைப் பிடுங்கிக் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லா வெட்டும் பிடியின் முனையைப் பார்த்துத்தான் இருந்தன.

"மூட்டு" என்றாள் மெதுவாக.

"மூட்டேதான்! கடையில வாங்குற குழாய்க்கு மூட்டு கிடையாது. விரிச்சா எலும்பை எல்லாப் பக்கமும் நெட்டுது. இவன் தகட்டைச் சுருட்டியிருக்கான்க்கா, ரெண்டு ஓரமும் சேருற இடம்தான் அந்த வெட்டு. அடிச்சா மூட்டு திறந்து இடம் குடுக்கும். எலும்புக்கு நோகாது."

"அடப்பாவி. இத்தனை மாசமா இது தெரியாம…"

"உன் கண்ணும் என் மூளையும் சேந்து லீவு போட்டிருந்துச்சு. ஓடு!"

ஷாஸியா அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "நாடி ஏறுதுங்க, கொஞ்சம் அடங்குங்க."

"ஏறட்டும்மா. இறங்குறதுக்குத்தான் நாள் பூரா இருக்கே."

நோரீன் மெல்லிய பித்தளைத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாள். மெழுகு மாதிரி மிருதுவாகிவிட்டது. சீவல் சீவலாக வெட்டி ஊசியில் சுற்றினாள். முதல் சுருள் ஊசியிலிருந்து நழுவி எங்கோ தெறித்து ஓடியது. இரண்டாவதைக் கழிவு எலும்பில் நுழைத்து, உருண்டை முனை உளியை வைத்துத் தட்டினாள். வாய் பூ மாதிரி விரிந்தது. இன்னும் ஒரு தட்டு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எலும்பில் கீறல் விழவில்லை.

அவள் போட்ட கூச்சலில் முற்றத்துப் புறாக்கள் பறந்தன.

மேலே கொண்டுபோய்க் கொடுத்தபோது டெரிக் நகத்தால் வளையத்தைத் தடவினான். வெட்டில் நகம் மாட்டியதும் அவன் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று நோரீன் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை.

"கத்தியிலயே போடுக்கா. ஒம்பதும். ஜன்னல் திறந்திருக்கட்டும், நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவன் கடைசியாக அடித்த அலகு மேஜைமேல் வைஸ் இடுக்கியில் தயாராக இருந்தது. பிடிக்குள் போகும் அதன் வாலுக்கு இரண்டு பக்கமும் எலும்பைப் பொருத்தித் துளையிட்டாள். முதல் ஆணி. இரண்டாவது. திருப்பி மறுபக்கம் விரித்தாள்.

"சத்தம் நல்லா இருக்காம்!" என்றாள் ஷாஸியா மேலிருந்து.

"வாசிக்கிறது யாரு!"

நான்காவதில் கொஞ்சம் வேகம் பிடித்தது.

"மெதுவாவாம்! கல்யாணத்துக்குப் பந்தல் போடுறியான்னு கேக்கறாரு!"

"அவனை வந்து அடிக்கச் சொல்லு!"

ஷாஸியா வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்து. ஆறு. பித்தளையின் மினுக்கம் எலும்பின் மேல் வரிசையாக ஏறிக்கொண்டு வந்தது. நோரீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிறு பிள்ளையில் ஊர்ச் சந்தையில் ராட்டினம் ஏறியபோது இப்படி இருந்தது.

"ஏழு ஆச்சுன்னு சொல்லு!"

பதில் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் யாரும் இல்லை. திரை மட்டும் ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வந்தது.

நோரீன் மறுபடி குனிந்தாள். பிறகு எட்டாவது ஆணியை நுழைத்துத் தட்டினாள். ஒன்பதாவதை நுழைத்தாள். அதுதான் ஓரத்து ஆணி, பிளப்பதென்றால் அங்கேதான் பிளக்கும். அவன் சொன்ன மாதிரி மெதுவாகத் தட்டினாள். திருப்பினாள். இன்னொரு முறை தட்டினாள். வளையம் வட்டமாக உட்கார்ந்தது. எலும்பு முழுசாக இருந்தது.

படியேறும்போது சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரை வந்து முட்டியது. வாசலில் ஷாஸியா நின்றிருந்தாள்.

"ஏழாவது சத்தத்தைக் கேட்டாருங்க. விரலை நீட்டி ஜன்னலைக் காட்டினாரு. நான் ஜன்னலுக்கு வர்றதுக்குள்ள…"

நோரீன் தலையாட்டினாள். கட்டிலருகே போய், தம்பியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பூதக்கண்ணாடி இன்னும் அவன் விரல்களுக்குள் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

அவனை எடுத்துப்போக மதியத்துக்கு மேல் வண்டி வருவதாகச் சொன்னார்கள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். ஷாஸியா தேநீர் போட்டாள். காலையிலிருந்து அவளும் எதுவும் சாப்பிடவில்லை என்பது நோரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்தாள். புதுக் கத்தியை ஏப்ரனில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு தோல் சீவாமலே வெட்டினாள்.

துண்டு அவ்வளவு மெல்லிசாக வந்தது. கீழே விழாமல் அலகோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நோரீன் கத்தியைப் படுக்கையாகத் திருப்பி நீட்டினாள். ஷாஸியா அதை இரண்டு விரலால் உரித்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"சத்தமே இல்லாம வெட்டுதுங்க" என்றாள்.

நோரீன் இன்னொரு துண்டு வெட்டினாள்.