இருபத்து மூன்றாவது ஸ்லைடு

பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஒரே முகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, புருவம் நடுவில் ஏறி, உதடு உள்ளே மடிந்து, அஜீரணக்காரன் மாத்திரைக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு முகம். பயிற்சி தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே அநேகமாக எல்லோருக்கும் இது வந்துவிடும். அடுத்தவர் துயரத்தைக் கேட்கிற முகம் இதுதான் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டது. வாத்தியாருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வாத்தியார் என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். விபத்திலும் வன்முறையிலும் பிழைத்து வந்தவர்களின் மனதைப் பார்த்துக்கொள்ளப் போகிற டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் கவுன்சலர்களுக்கும் ஐந்து நாள் வகுப்பு எடுப்பது அவர் வேலை. பதினொரு வருடத்தில் நானூறு பேராவது அவர் கை வழியாகப் போயிருப்பார்கள். அதில் காது உள்ளவர்கள் என்று அவர் ஒப்புக்கொண்டது நாலைந்து பேரைத்தான். அந்த நாலைந்திலும் முதல் ஆள் அவரே.

மேஜைமேல் ஒரு மணி இருந்தது. தலையில் தட்டினால் 'டிங்' என்று கத்தும். பின்னால் பலகையில், சொல்லக்கூடாத வார்த்தைகளை எழுதி வைத்திருந்தார்: எல்லாம் சரியாயிடும். அழாதீங்க. நல்லவேளை. உச்சுக்கொட்டினாலும் மணி உண்டு.

"'நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலை'ன்னு வாய் கூசாம சொல்றீங்களே, பக்கத்து சீட்டுல செத்துப்போனாரே, அவருக்கு அது என்ன வேளை?" என்று கேட்பார். பன்னிரண்டு பேனாக்கள் அதை அப்படியே எழுதிக்கொள்ளும். எழுதிக்கொள்வதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும்.

முதல் நாள் வகுப்பு எப்போதும் இருபத்து மூன்றாவது ஸ்லைடில் முடியும். காலை இழுத்து நடக்கும் ஒரு பெண்ணின் கோட்டுப்படம். படத்தைப் போட்டுவிட்டு விளக்கை அணைக்கச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்துவார். தாழ்த்துவது தனக்கு நன்றாக வரும் என்று அவருக்குத் தெரியும்.

"பஸ் கவிழ்ந்துருச்சு. இந்தம்மா கண்ணு முன்னாடியே புருஷன் போயிட்டார். இவங்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனா ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் நொண்டினாங்க. எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு சுத்தம். மூணாம் நாள் நொண்டல் தானாப் போயிருச்சு. ஏன்?" ஒரு மூச்சு விட்டு, "வாய் சொல்லாததைக் கால் சொல்லுச்சு" என்பார்.

ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அறை அப்படியே உறைந்து போகும். இந்த முறையும் உறைந்தது. உறைந்த அறைக்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், அந்தம்மா கால்ல செருப்பு இருந்துச்சா?"

சிரிப்பு வெடித்தது. கேட்டவர் பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஆள். அஞ்சல்வழியில் உளவியல் படித்து, ஐம்பதை நெருங்கும் வயதில் கவுன்சலராகப் பார்க்கிறார். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். அந்தப் பன்னிரண்டில் 'அந்த முகம்' வராத ஒரே ஆளும் அவர்தான். வராததற்குக் காரணம் தோல் தடித்துப் போனது என்று வாத்தியார் தீர்மானித்திருந்தார்.

"செருப்பைப் பத்தி இன்னொரு ஸ்லைடு போட்டுரலாம். அதுல நீங்களே வந்து கிளாஸ் எடுங்க" என்றார் வாத்தியார். மறுபடி சிரிப்பு. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கணமே வாத்தியார் மனதுக்குள் அவரைப் பெயிலாக்கிவிட்டார். டிரைவருக்கு இது இரண்டாவது முறை. மூன்றாவது முறை விண்ணப்பிக்க விதியில் இடமில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் மறுபடியும் ஸ்டியரிங்தான். வாத்தியார் இதையெல்லாம் யோசித்துப் பார்த்தார். யோசித்ததில் தூக்கம் ஒன்றும் கெடவில்லை.

ஐந்தாம் நாள் தேர்வு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் இரண்டு நாற்காலி எதிரெதிராக. ஒன்றில், கொடுத்த காகிதத்தில் உள்ள கதையைப் பாதிக்கப்பட்டவராக நடித்துக் காட்ட ஒரு பெண் வருவார். இன்னொன்றில் தேர்வு எழுதுகிறவர். வெளியே வட்டத்தில் மற்றவர்களும், மணியோடு வாத்தியாரும்.

அன்று காலை இரண்டு விஷயங்கள் நடந்தன. வாத்தியார் மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். நடிக்க வருகிற பெண் காய்ச்சல் என்று போன் பண்ணினாள். முதலாவது பிரச்சினையைத் தீர்க்க வீட்டிலிருந்து அவருடைய அக்கா கண்ணாடிக் கூட்டோடு வந்து நின்றாள். இரண்டாவதும் அவள் தலையிலேயே விழுந்தது.

"நானா? எனக்கு நடிக்கல்லாம் வராதுடா."

"நடிக்க வேண்டாம்க்கா. பேப்பர்ல இருக்கறதைச் சொன்னாப் போதும். வீடு தீப்பிடிச்ச கேஸ்."

அக்கா காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். "யாரு எழுதினது, நீயா? ஒரே அழுகாச்சியா இருக்கே. தீப்பிடிச்சவ இவ்வளவு கோர்வையாவா பேசுவா?"

"அக்கா, ப்ளீஸ்."

விபத்தில் மாமா போன பிறகு பதினொரு வருடமாக அக்கா அவர் வீட்டில்தான் இருக்கிறாள். கரண்ட் பில் முதல் மச்சினன் கல்யாணம்வரை எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாள். அந்தப் பஸ்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்கும் வாத்தியாரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அது இருபத்து நாலாவது ஸ்லைடு.

முதல் ஆள் டிரைவர். கண்ணாடி வந்துவிட்டதால் வாத்தியார் மதிப்பெண் படிவத்தை எடுத்து, தேர்வு தொடங்குவதற்கு முன்பே கருத்து என்ற இடத்தில் அழகாக எழுதினார்: கேள்விகள் சம்பந்தமில்லாதவை.

அக்கா காகிதத்தைப் பார்த்து நாலு நிமிடம் ஒப்பித்தாள். தீ, புகை, பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டாவது பத்தியை விட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தாவினாள். பிறகு திரும்பி வந்து, "மன்னிச்சுக்கங்க தம்பி, ஒரு பாரா விட்டுப்போச்சு" என்றாள். வட்டத்திலிருந்த இளம் டாக்டர் இதற்கும் முகத்தைச் சாய்த்துக்கொண்டார்.

டிரைவர் முகத்தைச் சாய்க்கவில்லை. அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெளிய வரும்போது செருப்பு இருந்துச்சா?"

வாத்தியாரின் கை மணிக்குப் போனது. சிரிக்கலாமா என்று பதினொரு பேர் அவரைப் பார்த்தார்கள்.

அக்கா காகிதத்தைப் புரட்டினாள். "செருப்பைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே."

"பேப்பர்ல இருக்காதும்மா. ஆனா நான் வண்டில ஏத்தினவங்கள்ல பாதிப் பேருக்கு ஒத்தச் செருப்புதான் இருக்கும். அதைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. அதான் நான் கேட்டுருவேன்."

அக்கா காகிதத்தை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு இருந்துச்சு" என்றாள்.

"இன்னொண்ணு?"

"அவர் கையில. வார் பிஞ்சுபோச்சு. பஸ்ல உக்காந்துக்கிட்டே ஊக்குக் குத்தித் தரேன்னு வாங்கினார். குத்திக்கிட்டே இருந்தார். அப்பத்தான் கவுந்துச்சு."

பஸ் என்ற வார்த்தை வாத்தியாரின் காதுக்குள் போய், உட்கார இடம் தேடியது. தீப்பிடித்த வீட்டில் பஸ் ஏது?

"ஒத்தச் செருப்போடதான் ஆஸ்பத்திரி பூரா நடந்தேன். இதையும் கழட்டிட்டா, அவர் அதைக் கொண்டாந்து குடுக்கும்போது ஜோடி இல்லாமப் போயிடுமே. ஒரு பக்கம் உசரம், ஒரு பக்கம் பள்ளம். வேற எப்படி நடக்க முடியும்? நொண்டித்தான் நடக்கணும்." அக்கா லேசாகச் சிரித்தாள். "என் தம்பி வந்தான். படிச்ச பிள்ளை. காலை எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்னு ஒத்தக் காலுல நின்னான். எடுத்தாங்க. அந்த மெஷின்ல படுக்க வைக்கும்போது செருப்பைக் கழட்டச் சொன்னது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"அப்புறம் எப்பம்மா கழட்டினீங்க?"

"மூணாம் நாள். தம்பி பொண்டாட்டி வந்தா. என்னைப் பாத்ததும் 'என்ன அண்ணி, செருப்பு எங்க'ன்னா. வீட்டுச் செருப்பைக் கொண்டாந்தா. மாட்டிக்கிட்டேன்."

நொண்டல் போய்விட்டது. அதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. பதினொரு தலைகள், காத்தாடி சுற்றுகிற வேகத்தில்கூட இல்லை, அதைவிட மெதுவாக, வாத்தியார் பக்கம் திரும்பின. முதல் முறையாக அந்த முகங்களில் 'அந்த முகம்' இல்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுமனே பார்த்தார்கள்.

டாக்டர் டிஷ்யூப் பெட்டியை நீட்டினார். டிரைவர் அதை முழங்கையால் ஓரமாகத் தள்ளினார்.

"அந்தச் செருப்பு வந்துச்சாம்மா?"

"வரலை."

"ம்."

அவ்வளவுதான். அக்கா அழவில்லை. கண்ணாடி போட்டிருந்ததால் வாத்தியாருக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. நானூறு பேர். நானூறு பேருக்கும் விளக்கை அணைத்து, குரலைத் தாழ்த்தி, ஒரு பிய்ந்த செருப்பைத் தத்துவமாக விற்றிருக்கிறார். மாநாட்டில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறார். வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு பதினொரு வருடம்.

"சார்" என்றார் டாக்டர் மெல்ல, "அந்த இருபத்து மூணாவது ஸ்லைடு..."

"தப்பு" என்றார் வாத்தியார். குரல் தானாகவே தாழ்ந்திருந்தது. இந்த முறை நன்றாக வரவில்லை. "அது எங்க அக்கா. அன்னிக்கு நான் காலைப் பாத்தேன். பாதத்தைப் பாக்கலை. எழுதினவங்க எல்லாம் அடிச்சிருங்க."

பேனாக்கள் அடிக்கும் சத்தம் கேட்டது.

படிவத்தில் அவர் எழுதியிருந்த வரி பேனா மையில் இருந்தது. அழிக்க முடியாது. 'மில்லாதவை'யை மட்டும் அடித்துவிட்டு, மேலே 'முள்ளவை' என்று எழுதினார். கேள்விகள் சம்பந்தமுள்ளவை. கீழே, தேர்ச்சி. கையெழுத்துப் போடும்போது டிரைவர் அருகில் வந்து நின்றார்.

"சார், சத்தியமா அவங்கதான்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சு கேட்டிருந்தா மணி அடிச்சிருப்பேன்" என்றார் வாத்தியார். "போங்க, அடுத்த ஆளை வரச் சொல்லுங்க. எங்க அக்காவுக்கு இன்னும் பதினொரு தடவை தீப்பிடிக்கணும்."

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அக்கா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் புரொஜக்டர் வயரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"ஏன்க்கா இத்தனை வருஷம் சொல்லலை?"

"நீ எங்கடா கேட்டே? விளக்கமில்ல சொல்லிக்கிட்டிருந்தே. உன் பொண்டாட்டிகிட்ட எப்பவோ சொல்லிட்டேன்."

"அவளுக்குத் தெரியுமா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"உன்கிட்ட எதைச் சொன்னாலும் படம் போட்டுருவியே."

வாத்தியார் வயரைக் கீழே போட்டார். "நல்லவேளை, இன்னிக்கு அந்தப் பொண்ணு வரலை. இல்லேன்னா..."

டிங்.

அக்காவின் விரல் மணிமேல் இருந்தது. பலகையைக் கண்ணால் காட்டினாள். வாத்தியார் வாயை மூடினார். டிரைவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்தார். புருவம் மேலே ஏறியது.

"மொதல்ல அந்த மூஞ்சிய எடு."

எடுத்தார். எடுத்த பிறகு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வைத்துக்கொள்ளாமலே கேட்டார்.

"அந்த ஊக்கு யாரோடதுக்கா?"

அக்கா இரண்டு செருப்பையும் கழற்றிக் கீழே ஜோடியாக விட்டுவிட்டு, காலை நாற்காலிமேல் மடக்கிப் போட்டுக்கொண்டாள்.

"என்னோடதுதான்" என்றாள். "வளையல்ல மாட்டியிருந்தேன். அது ஒரு பெரிய கதை. உனக்கு நேரமாகலையே?"