காளியாயி கேட்ட கட்டில்

எண்பத்து மூன்றாம் வருசம் மாசி மாதம் முழுக்க அன்னக்கொடி கவுஞ்சியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை. பிறந்த ஊர் கவுஞ்சி என்பதால் டாக்டரம்மா இந்தச் சோலியை அவள் தலையில் கட்டியிருந்தார்.

சாராயக்கடை திறந்து ரெண்டு வருசத்தில் மேல்மலை ஊர்களில் இருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும் ஆட்கள் கூடிப்போனார்கள். குடியை நிறுத்த வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரியில் ஐந்து கட்டில் போடவும், வந்து போகிறவர்களைப் பார்க்கக் கவுஞ்சியில் ஓர் அறை எடுக்கவும் முடிவானது. ஆனால் டாக்டரம்மா பிடிவாதக்காரி. "ஊரைக் கேக்காம ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதற்காக ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். வீட்டில் குடிக்கிற ஆண்கள் எத்தனை பேர், எத்தனை வருசமாக, வைத்தியத்துக்கு வருவார்களா என்று அதில் கேட்டிருந்தது.

அன்னக்கொடி ஒவ்வொரு வாசலிலும் நின்று எழுதினாள். அண்ணன் திருமலைச்சாமியின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவர் பீடிகூடத் தொடாதவர். ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அந்த வீட்டுக்கான தாளில் பூண்டுக் காட்டு வரப்பில் உட்கார்ந்தபடியே 'இல்லை' என்று எழுதி மடித்து வைத்தாள்.

பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஆண்கள் பெஞ்சில், பெண்கள் சுவரோரம் தரையில். திருமலைச்சாமிதான் எழுந்து வரவேற்றுப் பேசினார். ஊரில் அறை எங்கே எடுப்பது, கமிட்டியில் திருமலைச்சாமியோடு யார் யார் என்று ஆண்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். சாவடியிலேயே ஒரு அறை ஒதுக்கலாம் என்று முடிவாகிற நேரத்தில் சுவரோரத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"டாக்டரம்மா, பொம்பளைக்கு எத்தன கட்டிலு?"

காளியாயி எழுந்து நின்றிருந்தாள். திருமலைச்சாமியின் மனைவி, அன்னக்கொடிக்கு மதினி. நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். ஆண்கள் சிரித்தார்கள். ஒருவன், "புருசனுக்குத் தொணைக்குப் படுக்கவா மதினி?" என்றான்.

"எனக்குத்தான் கேக்குறேன்" என்றாள் காளியாயி. "நான் குடிக்கிறேன்."

சிரிப்பு அப்படியே அறுந்தது. அன்னக்கொடிக்குத் தப்பாகக் காதில் விழுந்ததோ என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவள் முகத்தைப் பார்த்தாள். அவளும் வாயைப் பிளந்தபடி இருந்தாள்.

திருமலைச்சாமி பாய்ந்து வந்தார். "அவளுக்கு உடம்பு சரியில்லைங்க. வலிப்பு வர்ற ஆளு. கிறுக்குப் புடிச்சுப் பேசுறா. ஏய், ஒக்காரு!"

"கிறுக்கு இல்ல. காலையிலயே குடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். குடிக்காம வந்திருந்தா இப்படி நிக்க ஏலாது. கை ஆடும்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். அது ஆடாமல் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அன்னக்கொடி நம்பினாள்.

"பதினோரு வருசமாச்சு. மூணாவது பிள்ள பெத்தப்ப பிரசவ மருந்தோட காய்ச்சுன சாராயத்தக் கலந்து குடுத்தாக. பிள்ள தங்கல. மருந்து தங்கிருச்சு."

டாக்டரம்மா மேசையை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். "வலிப்பு எப்பம்மா வரும்?"

"தைப்பூசத்துக்கு வெரதம் இருப்பேங்க. அப்ப தொடமாட்டேன். ரெண்டாம் நாளு வந்துரும். சாமி குத்தம்னு எல்லாரும் சொல்லுவாக. எனக்குத் தெரியும், சாமி இல்லன்னு."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காளியாயி, நல்லாக் கேளுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்துனா அந்த வலிப்புலயே உசுரு போயிடும். இத்தன வருசம் தப்பிச்சதே பெருசு. ஆஸ்பத்திரியில வச்சு, மாத்திரை குடுத்து, கொஞ்சங் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்."

குடியை நிறுத்தாதே என்று ஒரு டாக்டர் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. மூன்று வருசமாக மதினி கீழே விழுந்து துடிக்கும்போதெல்லாம் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, திருநீறு பூசி, காலைப் பிடித்து உட்கார்ந்திருந்தவள் அன்னக்கொடிதான். கண் விழித்ததும், "அடுத்த வருசமாவது வெரதத்தச் சுத்தமா இருங்க மதினி, சாமி மனசு எரங்கும்" என்று சொன்னவளும் அவள்தான். ஆஸ்பத்திரி வேலைக்காரி. சாவுக்கு வழி காட்டியிருக்கிறாள்.

அப்போது கதவோரத்தில் இன்னொருத்தி எழுந்தாள். குஞ்சம்மாள், சிலோன் தோட்டத்தில் இருந்து திரும்பி வந்து பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவள். "நானுந்தானுங்க. விடியக்காலம் பனியில எறங்குறதுக்கு முந்தி ஒரு வாய் ஊத்திக்குவோம். எங்க லயத்து வரிச வீடுகள்ல நாலு பேரு இருக்கோம். எங்கள யாரும் கேக்கல்லியே."

தாளில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. அன்னக்கொடி எழுதி வந்த தாள்கட்டை டாக்டரம்மா மேசையில் இருந்து எடுத்து ஜீப் டிரைவரிடம் கொடுத்து, "இத வண்டியில போடுங்க" என்றார். பிறகு பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "இனிமே நீங்க சொல்லுங்க."

காளியாயிதான் ஆரம்பித்தாள். "சாவடி ஆகாதுங்க. நேர் எதுக்க சாராயக்கட. அங்க போற பொம்பளைய ஊரே எண்ணும். பால்வாடிக்குப் பின்னால ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. பிள்ளையக் கூப்புட வந்தேன்னு எவளும் வரலாம்." இன்னொருத்தி, பூண்டு பிடுங்கும் மாசத்தில் தொடங்கினால் ஒருத்தரும் வர முடியாது என்றாள். குஞ்சம்மாள், கட்டிலில் படுத்திருக்கும்போது பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார்கள் என்று கேட்டாள். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

திருமலைச்சாமி எப்போது வெளியே போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அன்னக்கொடி அவரைத் தேடிப் போனாள். காட்டில் தனியாக நின்று, வேலை இல்லாத இடத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"ஊரக் கூட்டி என் மானத்த வாங்கிட்டியேத்தா."

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது. மதினி மேல எப்பவும் பூண்டு வாடைதான் அடிக்கும். ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "ஒரே வீட்டுல பதினோரு வருசம். தெரியாமயா இருக்கும்?"

அன்னக்கொடி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா? நீ என்ன செஞ்சிருப்ப?"

திட்டியிருப்பாள். ஊருக்குத் தெரியாமல் பூட்டி வைக்கச் சொல்லியிருப்பாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

காளியாயி பங்குனி கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பெண்களுக்கென்று தனிக் கதவு வைத்த அறையில் ரெண்டு கட்டில் போட்டிருந்தார்கள். முதல் நாலு நாள் அவள் ஆளையே அடையாளம் தெரியாமல் பிதற்றினாள், சுவரில் எறும்பு ஊர்கிறது என்று அலறினாள். அன்னக்கொடி பக்கத்திலேயே கிடந்தாள். பதினாலாம் நாள் மன்னவனூர் பஸ்ஸில் ஊருக்குக் கூட்டிப் போனாள். ஆடியில் காளியாயி மறுபடி குடித்துவிட்டாள். யாரும் இழுத்துவராமல் தானே பஸ் ஏறி வந்து, "திரும்பவும் தொட்டுட்டேன் டாக்டரம்மா" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தடவை அவள் பின்னாலேயே அதே பஸ்ஸில் துணைக்கு வந்தவர் திருமலைச்சாமி. வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. கமிட்டியில் இருந்து அவர் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு ஊர்ப் பெண்கள் காளியாயியின் பேரைச் சொன்னார்கள்.

ஐப்பசியில் பால்வாடியின் பின்னறை திறந்தது. வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, டாக்டரம்மா வந்து பார்ப்பார். வைத்தியத்துக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு குஞ்சம்மாள் பொறுப்பு. முதல் வியாழன் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் பெண்கள். அன்னக்கொடி நோட்டில் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். நாலாவதாக வந்தவள் முக்காட்டை விலக்கினாள். வடிவு. அஞ்சாங்கிளாஸ் வரை ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தவள். போன வாரம்கூட வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனவள்.

அன்னக்கொடியின் கை நின்றுவிட்டது. "ஏ, நீயுமாடி?"

வடிவு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வெரசா எழுது புள்ள. மாட்ட அவுத்து விட்டுட்டு வந்திருக்கேன்."