எதிர்ப்பக்க ஹோல்ட்

கொழும்புக்குப் போகிற பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. நாகலெட்சுமி தன் மகளுக்குப் பஸ் நம்பர் கொடுத்து அனுப்பினாள்.

"நூத்தி முப்பத்தெட்டு. மறந்துராத. தலைகீழா நின்னாலும் ஆட்டோவுல மட்டும் ஏறாத. வெளியூருன்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சி உரிச்சி எடுத்துருவானுங்க."

அவள் சும்மா சொல்லவில்லை. பதினேழு வயதிலிருந்து ஏழு வருடம் கொழும்பு ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டில் சமைத்தவள். அந்த வீட்டு எஜமானி, நோனா, மரக்கறிக்குக் காசு தருவாள், பஸ்ஸுக்குத் தரமாட்டாள். ஆகவே எந்தத் தூரம் நடக்கலாம், எந்த இடத்தில் ஏறினால் டிக்கெட் குறையும் என்பதெல்லாம் நாகலெட்சுமிக்கு அத்துப்படி. கல்யாணமாகி வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் அந்த ரோடுகள் தன் காலுக்குள்ளேயே கிடப்பதாக நம்பினாள். நம்பியதுதான் வினை.

காலை எட்டே முக்கால். மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்க வேண்டியவள், மலை உச்சியிலிருந்த பாறைமேல் காதில் போனோடு நின்றாள். அந்த மலையில் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு பாறையில்தான். கீழே வேலை வாங்கும் செல்லசாமி கங்காணி கத்திக்கொண்டிருந்தார்.

"ஏ நாகலெட்சுமி! பத்து மணிக்கு நிறுவை. கொழுந்து கொறஞ்சா அரைப் பேருதான் போடுவேன், அப்புறம் அழக்கூடாது!"

அரைப் பேர் என்றால் அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான். அவள் காதில் வாங்கவில்லை. காதில்தான் மகள் ஜெயந்தினி இருந்தாளே.

ஜெயந்தினிக்குப் பத்து மணிக்கு அதே ஹெவ்லொக் டவுன் பக்கம் தாதியர் பயிற்சிக்கான நேர்முகம். போன வருடமும் கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீசில் மூன்று கிழமை தூங்கி, தேதி முடிந்த பிறகு லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் வயது கடந்துவிடும். இந்தத் தடவை விட்டால் அவளும் கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்ட வேண்டியதுதான். கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: மூலச் சான்றிதழ்கள் கட்டாயம், தாமதித்தவர்களுக்கு அனுமதியில்லை. போன கிழமை பிள்ளையின் நல்ல போன் விழுந்து உடைந்து தொலைத்தது. அதனால் தகப்பனின் பட்டன் போனோடு விடியற்காலை பஸ் ஏறியிருந்தாள். மேப் இல்லை, ஒன்றுமில்லை. அம்மாதான் மேப்.

"புறக்கோட்டையில ஆட்டோவுக்கு ஆயிரத்தி ஐநூறு கேட்டாங்கம்மா. நான் நீங்க சொன்ன பஸ்ஸுலயே ஏறிட்டேன். நிக்கக்கூட இடமில்ல."

"நில்லு. நின்னா என்ன, காலு தேஞ்சா போயிரும்? இப்ப என்ன தெரியுது?"

"வெள்ளையா ஒரு பெரிய கட்டடம். மேல உருண்டையா இருக்கு."

"நகர மண்டபம். சரியாத்தான் போற." நாகலெட்சுமிக்குப் பெருமை பொங்கியது. இருபத்திரண்டு வருடம் கழித்து, மலைமேல் நின்றுகொண்டே கொழும்பில் பஸ் ஓட்டுகிறாளே!

பத்து நிமிடம் கழித்து மகள் சொன்னாள்: "பெரிய சந்தி ஒன்னு தாண்டுதும்மா. ஓரத்துல பெரிய மரம்."

"மரமா? அதான்! எறங்கு, எறங்கு! விட்டா கிருலப்பனைக்குக் கொண்டு போயிருவான். மணியடி!"

போனில் தள்ளுமுள்ளுச் சத்தம் கேட்டது. யாரோ சிங்களத்தில் ஏசினார்கள். பிறகு பஸ் உறுமிக்கொண்டு போகிற சத்தம். பிறகு ஒன்றுமேயில்லை.

"ஜெயந்தி? எறங்கிட்டியா?"

"அம்மா..." நாகலெட்சுமி போனைக் காதோடு அழுத்தினாள். "அம்மா, பைலு."

நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர்களின் மடியில் கொடுப்பது இந்த நாட்டு பஸ் வழக்கம். ஹட்டன் பஸ்ஸிலும் அப்படித்தான், கொழும்பு பஸ்ஸிலும் அப்படித்தான். ஜெயந்தினி நீல நிறப் பைலை ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தியின் மடியில் வைத்திருந்தாள். அம்மா 'எறங்கு' என்று போட்ட கூச்சலில் பிள்ளை மட்டும் இறங்கிவிட்டாள். பைல் பஸ்ஸோடு போயே போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, எல்லாமே அதற்குள்தான்.

"நான் ஆட்டோ புடிச்சி வெரட்டுறேன்மா!"

"எந்த பஸ்ஸன்னு வெரட்டுவ? அந்த ரோட்டுல நிமிசத்துக்கு ஒரு நூத்தி முப்பத்தெட்டு போகும். ஆட்டோக்காரன் ஊரச் சுத்திக் காட்டிட்டுக் காசப் புடுங்கிருவான். நில்லு, அங்கயே நில்லு!"

மணி ஒன்பது ஐந்து. அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் 'டிங் டிங்' என்று வேறொரு அழைப்பு. எடுத்துப் பார்த்தாள். தெரியாத நம்பர். தோட்டத்து ஆபீஸ்காரர்கள்தான் இப்போது புதுப் புது நம்பரில் கூப்பிட்டு, யார் மலையில் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்று விசாரிக்கிறார்களே. இது வேறு நேரங்கெட்ட நேரத்தில்! வெட்டிவிட்டாள்.

"அம்மா, வச்சிராதீங்க. நீங்களும் வச்சிட்டா இங்க எனக்கு யாருமே இல்ல."

"நான் வைப்பேனா? அழாத. கண்டக்டர் மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

மறுபடி டிங் டிங். மறுபடி வெட்டினாள். "சனியன்" என்று வாய்விட்டே திட்டினாள். மூன்றாவது தடவையும் வெட்டினாள். தன் அவசரத்தால் பிள்ளையின் வாழ்க்கை பஸ்ஸேறிப் போய்விட்டதே! இறங்கச் சொன்ன இடமும் தும்முல்ல சந்தி, போக வேண்டியதற்கு ஒரு ஹோல்ட், அதாவது ஒரு பஸ் தரிப்பு, முந்தி என்பது இப்போதுதான் விளங்கியது. மரம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

"அந்தப் பொம்பள பைலத் தொறந்து பாத்தாலாவது அட்ரஸ் தெரியுமேம்மா."

"தோட்டத்து அட்ரஸுக்கு அவ தபாலா போடுவா? மேல என்ன கடதாசி வச்ச?"

"விண்ணப்பப் போட்டோ கொப்பி. அன்னைக்கு அத நீங்கதானே உங்க கையால..."

மூன்று தடவை வெட்டிய அந்தத் தெரியாத நம்பர் நாகலெட்சுமிக்குச் சுருக்கென்று உறைத்தது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள என்ற கோட்டில் நாகலெட்சுமி தன் கையால் எழுதியது தன்னுடைய நம்பரைத்தான்.

"ஜெயந்தி, நான் போன வைக்கிறேன்."

"வேணாம்மா!"

"வச்சாத்தான் பைல் வச்சிருக்கிறவ மறுபடி கூப்புடுவா. ஹோல்ட்ட விட்டு அசையாத." வெட்டினாள். ஏழு வருடம் கொழும்பில் அவள் தனியாக நின்றதெல்லாம் மகளைத் தனியாக விட்ட அந்த ஒரு அமுக்குக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

போன் அடிக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஐந்து நிமிடமும் போயிற்று. மூன்று தடவை முகத்திலடித்த மாதிரி வெட்டினால் நான்காவது தடவை எவள் கூப்பிடுவாள்? நாமே கூப்பிடுவோமென்று அமுக்கினால், உங்கள் கணக்கில் மீதி போதாது என்று போன் மூன்று மொழியில் சொன்னது.

பாறையிலிருந்து சறுக்கியும் விழுந்தும் கங்காணியிடம் ஓடினாள். "கங்காணி, ஒங்க போனக் குடுங்க. எம் புள்ளைக்கு."

செல்லசாமி கங்காணிக்கு முழங்கால் நோவு. ஏசிக்கொண்டேதான் மலையேறினார். ஏசிக்கொண்டே அவள் போனில் கிடந்த அந்தத் தெரியாத நம்பரை அமுக்கி அவள் கையில் கொடுத்தார்.

"நோனா..." சமையலறையில் பழகிய சிங்களம் தானாக வாயில் வந்தது.

"நோனாவா? நான் துணிக்கடையில் கூட்டித் துடைக்கிறவள்!" என்று சிங்களத்தில் சீறியது அந்தக் குரல். "எத்தனை தரம் கூப்பிடுவது? கிருலப்பனையில் இறங்கி, பைலோடு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். ஒன்பது மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவள். இன்றைக்கு அரைநாள் வெட்டுவார்கள். பிள்ளை எந்த ஹோல்ட்டில்?"

நாகலெட்சுமி தும்முல்ல சந்தி, மரம் எல்லாம் சொன்னாள்.

"நான் திரும்புகிற பஸ்ஸில் வருகிறேன். அங்கே பஸ் சரியாக நிற்காது, மிதிபலகையிலிருந்தே நீட்டுகிறேன். பிள்ளையை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்."

கங்காணியின் போனிலேயே மகளைக் கூப்பிடுமுன் அவளே கூப்பிட்டுவிட்டாள். மணி ஒன்பது முப்பத்தைந்து. "எதிர்ப்பக்கம் போ! எல்லா நூத்தி முப்பத்தெட்டையும் பாரு, மிதிபலகையப் பாரு!"

ஒரு பஸ் போயிற்று. அதில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது நிற்காமலே போய்விட்டது. அதிலிருந்திருந்தால்? கங்காணிகூட ஏச்சை நிறுத்திவிட்டார்.

"அம்மா! நீலப் பைலு! ஆட்டுறாங்க! தந்துட்டாங்கம்மா, பஸ் நிக்கக்கூட இல்ல, ஓடி வாங்கிட்டேன்!"

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

"ஓடு! ரோட்டக் கடந்து நேராப் போயி, பச்சைக் கேட்டு வீட்டுல எடது பக்கம்..."

"பச்சைக் கேட்டெல்லாம் இப்ப இருக்குமாம்மா? ஒரு அக்காகிட்ட கேட்டு வச்சிருக்கேன். வைக்கிறேன்." இந்தத் தடவை வெட்டியது மகள்.

பகல் சாப்பாட்டு மணிக்கு நாகலெட்சுமி மறுபடி பாறைக்கு ஏறினாள். ஏறிய உடனே போன் அடித்தது.

"ஒரு நிமிசத்துல கேட்டப் பூட்டியிருப்பாங்கம்மா. பயிற்சிக்கு எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் ஒன்னாந் தேதி வரச் சொல்லிட்டாங்க."

நாகலெட்சுமி பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "திரும்பி வாறதுக்கு வழி சொல்லவா?"

"வேணாம்மா. நூத்தி முப்பத்தெட்டு, எதிர்ப்பக்கம். பைல மடியிலயே வச்சிக்கிறேன்."

"அந்தப் பொம்பள பேரு என்னன்னு கேட்டியா?"

"எங்கம்மா கேக்க? பஸ்ஸு போயிருச்சே."

மாலை நிறுவையில் செல்லசாமி கங்காணி புத்தகத்தைத் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். "போன் குடுத்தது வேற, கொழுந்து வேற. அரைப் பேரு."

வேறு நாளாக இருந்தால் நாகலெட்சுமி மலையே அதிரச் சண்டை போட்டிருப்பாள். கிருலப்பனையில் ஒரு துணிக்கடையிலும் இந்நேரம் இன்னொருத்திக்கு அரை நாள் வெட்டியிருப்பார்கள். தன் பிள்ளைக்காக முகம் தெரியாத ஒருத்தி அரை நாளைக் கொடுத்திருக்கிறாள், பெற்றவள் தன் அரை நாளுக்குச் சண்டை போடுவதா? சாக்கை உதறி மடித்துக்கொண்டு அவள் லயத்துப் பக்கம் நடந்தாள்.