நடுத்துண்டு

கருப்பாயியோடு நான் பேசுவதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது அவள் எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். லயத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். இருந்தாலும் பேசுவதில்லை. லயத்துக்குப் புதிதாக வருகிற பெண்கள் முதல் வாரமே என்னிடம் வந்து, "என்னக்கா, ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?" என்று கிண்டுகிறார்கள். வாயில் எதையாவது போட்டு மெல்ல வேண்டும் அவர்களுக்கு. சரி, மெல்லுங்கள், நானே சொல்கிறேன். ஆனால் கேட்டு முடித்துவிட்டு "பாவம்க்கா அவ" என்று மட்டும் எவளும் என்னிடம் சொல்லக் கூடாது.

ஜெர்மன் சண்டை முடிந்து, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலத்தில்தான் நாங்கள் மலாயாவில் மூவார் ஆற்றுப் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தோம். முந்தின தோட்டத்தில் இரண்டு பிள்ளைகள் பெற்றேன். இரண்டையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. முதலாவது குப்புற விழக்கூட இல்லை. மூன்றாவது வயிற்றில் தங்கியபோது என் வீட்டுக்காரர் சபாபதிக்குச் சந்தோஷப்படவே பயம். சாப்பிடும்போது என் வயிற்றைப் பார்ப்பார்; நான் கவனித்துவிட்டால் சட்டென்று சோற்றைப் பார்ப்பார்.

வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு அடுத்தது பிறந்தால், அதைத் தன் பிள்ளை என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஊரில் பிச்சையெடுத்த பிள்ளை என்று பேர் பண்ண வேண்டும். அதனால் அது படுக்கிற துணியையும் பிச்சையாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுக்காத வீடாகப் பார்த்து, வாசலில் நின்று, "குறையில்லாத வீடுன்னு கேக்க வந்தேன்" என்று சொல்ல வேண்டும். "உங்க வீட்டுல யாராச்சும் போயிருக்காங்களா?" என்று நேராகக் கேட்கக் கூடாது. வாசலில் நின்று சாவைப் பற்றிப் பேசினால் அந்தச் சாவு கூடவே வரும். குறையில்லாதவள் உள்ளே போய் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து போடுவாள். குறையுள்ளவள் தலையை ஆட்டிவிடுவாள். அவ்வளவுதான். பெற்றவளுடைய துணி மட்டும் ஒரு நூல்கூட அதில் சேரக் கூடாது. சேர்ந்தால் இது யார் பிள்ளை என்று எமனுக்குத் தெரிந்துபோகும்.

இந்த லயத்தில் பத்துத் தோட்டத்து ஆட்கள் கலந்து கிடந்தார்கள். யாருக்கு எங்கே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் வீடு வீடாகப் போய் நின்றேன். ஒருத்திகூடத் தலையை ஆட்டவில்லை. எல்லாரும் வெட்டிப் போட்டார்கள். இவ்வளவு குறையில்லாத லயத்துக்கா வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நான் அன்றைக்குப் பூரித்துப்போனேன். மடச்சி!

தைப்பது எல்லாருக்கும் வரும். எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பது எனக்குத்தான் வரும். பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மா போட்டது மாம்பழ நிறத்துச் சேலைத் துண்டு. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டம்மா கொடுத்தது வெள்ளை மல் துணி. ஆற்றோரக் கம்பத்துக் கிராமத்திலிருந்து வாழைப்பழம் கொண்டுவரும் மலாய்க்கார அம்மா, விஷயத்தைக் கேட்டதும் "அலாமாக்!" என்று கன்னத்தில் கை வைத்து, தன் பழைய நீலக் கைலியிலேயே ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டி, கோதுமைமாவுச் சாக்கைப் பிரித்து அடியில் விரித்து, அதன்மேல் மாற்றி மாற்றிப் பரப்பிப் பார்ப்பேன். வெள்ளையை நீலத்தின் பக்கத்தில் வைத்தால் சிரிக்கும்; மாம்பழ நிறத்தின் பக்கத்தில் வைத்தால் அழுது வடியும். இடம் சரியாக அமைந்ததும் வாளியின் அடியில் மிஞ்சிய ரப்பர் பாலைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டு ஒட்டிவிடுவேன். அப்புறம் எத்தனை நாள் கழித்துத் தைத்தாலும் துண்டு நகராது. தைக்கிற நூலும் சாக்கின் வாயைப் பிரித்து எடுத்ததுதான்.

நடுத்துண்டுக்குத்தான் யோசனையாக இருந்தது. பிள்ளையின் முதுகு படுகிற இடம் அது. மூத்த ஆண்பிள்ளை உயிரோடு இருக்கிறவள் கொடுப்பது விசேஷம் என்பார்கள். கருப்பாயிக்கு முருகையா என்று ஒரு மகன் இருந்தான். இந்தியாவில், ஊரில், அவள் அம்மாவிடம் வளர்கிறான் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். சும்மா ஒரு தடவை சொல்லவில்லை. பால் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போதெல்லாம் அவன் கதைதான். மாடு மேய்க்கப் போகிறானாம், பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறானாம், மாமன் தோளுக்கு வளர்ந்துவிட்டானாம். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். அதனால் நடுத்துண்டை அவளிடம் கேட்டேன்.

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். பெட்டியைத் திறந்து வெகுநேரம் துழாவினாள். கடைசியில் சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"முருகையாவோட பழைய சட்டை. நான் இங்க வர்றப்ப வாசனைக்குன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

"உனக்குன்னு வச்சிருக்கிறதப் போயி…"

"நடுவுல வைக்கிறியா?"

"நடுவுலதான்."

"அப்ப எடுத்துக்க."

அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிச்சை வாங்கினால் நன்றி சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்தான். மனசு கேட்கவில்லை.

பையன் பிறந்தான். பிச்சை என்று பேர் வைத்தோம். அந்த விரிப்பில் போட்டால் போதும், எந்த அழுகையும் நின்றுவிடும். நான் பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டாயில் ஏணைத் தொட்டிலுக்குள்ளும் அதைத்தான் விரிப்பேன். கருப்பாயி வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போகமாட்டாள். நேரே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "டேய் பிச்சை, எங்க வீட்டுக்கு வாரியாடா?" என்று கொஞ்சுவாள். என் கூடப்பிறந்தவள் இருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்கமாட்டாள் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்த சமயம் பிச்சைக்குக் காய்ச்சல் வந்தது. தொட்டால் கை சுட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொய்னா மருந்தைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, "பாக்கலாம்மா" என்றார். முன்னே இரண்டு தடவையும் எனக்கு அந்தப் "பாக்கலாம்மா"தான் கிடைத்தது. நான் வேலைக்குப் போகவில்லை. பிள்ளை நனைத்த விரிப்பை அலசி வாசல் கம்பியில் போட்டுவிட்டு, அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் கருப்பாயியைத் தேடி ஐயாசாமி என்று ஒரு பெரியவர் வந்தார். சிகாமட் பக்கம் அவள் முன்னே இருந்த தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவளுக்குத் தூரத்து மாமன் முறை. கருப்பாயி அப்போது பால் நிறுக்க ஸ்டோருக்குப் போயிருந்தாள். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துக்கொண்டே கம்பியில் கிடந்த விரிப்பைப் பார்த்தார். பக்கத்தில் போய் நடுவில் விரலை வைத்தார்.

"அட, இது நம்ம முருகையா சட்டையில்ல!"

"ஆமாங்க. கருப்பாயி குடுத்தா."

"குடுத்துட்டாளா? அடக்கம் பண்ற அன்னிக்கு இத எங்க கையில தரமாட்டேன்னு எப்படி மல்லுக்கட்டுனா! பொணத்து மேலேருந்து கழட்டி மடியில கட்டிக்கிட்டாளே. இப்பவாச்சும் மனசு தேறுச்சே, நல்லதும்மா."

எனக்குக் காது அடைத்துப்போனது. அந்த மனுஷர் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். முருகையா அந்தத் தோட்டத்திலேயே காய்ச்சலில் போய் நாலு வருஷமாம். ஊரில் பாட்டியுமில்லை, மாடுமில்லை, ஒன்றுமில்லை. என் பிள்ளை மூன்று மாதமாக ஒரு பிணத்தின் சட்டையில் படுத்துக் கிடந்திருக்கிறான்.

பிள்ளையைக் கிருஷ்ணம்மாவிடம் கொடுத்துவிட்டு விரிப்பைக் கம்பியிலிருந்து உருவினேன். தையலைப் பிரிக்கப் பொறுமையில்லை. நடுத்துண்டைப் பிடித்து இழுத்தேன். ரப்பர் பால் வைத்து நானே ஒட்டியது, சும்மா வருமா? அடிச்சாக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது.

கருப்பாயி வாளியோடு வந்தாள். துண்டை அவள் முகத்தில் எறிந்தேன்.

"ஊர்ல யாருடி இருக்கா? சொல்லுடி, யாரு இருக்கா?"

அவள் ஐயாசாமியைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"அங்கம்மா, நான் சொல்றத…"

"மாடு மேய்க்கிறான்னியே! மாமன் தோளுக்கு வளந்துட்டான்னியே! செத்தவன் எப்படிடி வளருவான்?"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் குனிந்து துண்டை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"பொட்டிக்குள்ளயே கெடந்துச்சு. அது மேல ஒரு பிள்ள கெடந்து கைகால ஆட்டுறத ஒரு தடவ பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள்.

"அதுக்கு என் பிள்ளதான் கெடச்சானா ஒனக்கு?"

அவள் துண்டோடு உள்ளே போய்விட்டாள்.

நான் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பழையபடி வாசல் வாசலாகப் போனேன். ஒரு நல்ல துண்டு கிடைத்தால் போதும், பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்துப் பிள்ளையைப் படுக்க வைத்துவிடலாம். "குறையில்லாத வீடுன்னு கேக்க வந்தேன்" என்றேன். முதல் வீட்டுக்காரி அடுப்பை ஊதப் போய்விட்டாள். அடுத்தவள் கதவைச் சாத்தினாள். அதற்கடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கடைசியில் கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போனேன்.

"நீயுமா?" என்றேன்.

கிருஷ்ணம்மா என் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "இந்த லயத்துல பிள்ளைய மண்ணுக்குத் தூக்கிக் குடுக்காதவ எவ இருக்கா? நீ கண்ண மூடிக்கிட்டு வந்து கேட்ட."

"அப்ப ஏன் போட்ட? தலைய ஆட்டியிருக்க வேண்டியதுதானே?"

"தலைய ஆட்டுனா எனக்குக் கொறைன்னு நானே ஒத்துக்கணும்ல. இத்தன பேரு பாக்க அத எப்படிடி ஆட்டுறது?"

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாக்கில் போட்டேன், அழுதான். ஓட்டை விரிப்பில் போட்டேன், அதிலும் அழுதான். அழ அழச் சூடு ஏறியது. என்ன செய்வேன்? எல்லாத் துண்டும் பொய்த் துண்டு. முன்னே பெற்ற இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டியதில்லை. இவன் தாண்டியிருக்கிறான், அந்தச் சிவப்புச் சட்டையில் படுத்துத்தான் தாண்டியிருக்கிறான். இந்தப் புத்தி வந்ததும் வெட்கத்தை விட்டுக் கருப்பாயி வாசலுக்கே போய் நின்றேன்.

"அதக் குடு" என்றேன்.

அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த சாக்கு நாரை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தரமாட்டேன்."

"கருப்பாயி, பிள்ள அழுவுறாண்டி."

"ஒம் பிள்ள பொழச்சா, எம் மவன் சட்டையில படுத்துப் பொழச்சான்னு நீ சொல்லப்போறதில்ல. ஏதாச்சும் ஆனா மட்டும் லயம் பூரா எம் மவன் பேரத்தான் சொல்லுவ. செத்துப்போன பய பழி வேற சொமக்கணுமா? போயிரு."

கதவுக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த சாக்கை இழுத்து விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் என் கல்யாணச் சேலை இருந்தது. அரக்குச் சிவப்பு, கரை மட்டும் பச்சை. முந்தானையைப் பல்லால் கடித்து நடுவே கிழித்தேன். வேலை முடிந்து வந்த சபாபதி பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"ஏய், ஒன் துணி ஆகாதுடி! பெத்தவ துணி ஆகாது!"

"எது ஆகும்? சொல்லுங்க, எந்த வீட்டுத் துணி ஆகும்?"

"எமனுக்குத் தெரிஞ்சுபோயிரும் அங்கம்மா…"

"தெரியட்டும். வந்து யாரு பிள்ளன்னு கேக்கட்டும். எம் பிள்ளதான்னு சொல்றேன். ஊரான் பிள்ளன்னு இத்தன பேர வச்சுப் பொய் சொன்னது போதும்."

ஓட்டையின் மேல் என் துணியை வைத்து, ஒட்டாமல், வெறும் ஊசியாலேயே சுற்றிலும் தைத்தேன். அவசரத்தில் தையல் கோணல்மாணலாக விழுந்தது. என் கையால் தைத்ததிலேயே அசிங்கமான தையல் அது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. பிள்ளையை அதில் போட்டேன். உடனே ஒன்றும் அழுகை நிற்கவில்லை. அழுது அழுது தானே ஓய்ந்து தூங்கினான். விடிந்தபோது அவன் நெற்றி வேர்த்திருந்தது, சூடு இறங்கியிருந்தது. டிரசர் வந்து பார்த்து, தன் கொய்னாதான் வேலை செய்தது என்றார். இருக்கட்டும்.

இப்போது பிச்சை லயத்துக்கும் ஸ்டோருக்கும் ஓடிக்கொண்டிருக்கிறான். கிருஷ்ணம்மாவையும் மற்றவர்களையும் நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவர்கள் தலையை ஆட்டவில்லை, அவ்வளவுதானே. கருப்பாயியை மட்டும் விடமுடியவில்லை. செத்த பிள்ளையின் சட்டையைக் கொடுத்தாள் என்பதற்காக இல்லை. அந்தக் கோபம் ஆறிவிட்டது. ஒரே மரத்தடியில் உட்கார்ந்து, என் வெற்றிலையில் பாதியைத் தின்றுகொண்டு, செத்தவனை எனக்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக் காட்டினாளே, அதுதான் ஆறவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் நான். என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வதாக இருந்தாள் அவள்?